ஒலியடக்கியின் டெசிபல் எண் ஒத்துவராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தப்படும் ஒலியடக்கி, அதாவது பேச்சு வழக்கில் சைலன்சர் என்று சொல்லப்படும் கருவி, எத்தனை டெசிபல் குறைக்கிறது என்பதை எந்தக் கருவியாலும் நேரடியாக அளக்க முடியாது. ஒலியடக்கி இல்லாமல் சுட்டு ஓர் அளவை எடுக்கிறோம், பொருத்திச் சுட்டு இன்னோர் அளவை எடுக்கிறோம், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து வருவதையே தணிப்பு என்று எழுதுகிறோம். விடை பொருந்தாமல் போகும்போது பெரும்பாலோர் சந்தேகப்படுவது இரண்டாவது அளவைத்தான். என் கணிப்பில் பிழை பெரும்பாலும் முதலாவதில், வெறுங்குழலின் அளவில், ஒளிந்திருக்கிறது. கருவியின் தாங்கு எல்லையைத் தொடுவதும் அதுதான், யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடுவதும் அதுதான்.

அறிகுறிகளுக்குள் போகுமுன் சில அடிப்படைகளைச் சொல்லிவிட வேண்டும். டெசிபல் கணக்கின் அடித்தளம் 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தம். அந்தக் கணக்கில் 140 டெசிபல் உச்சம் 200 பாஸ்கலுக்கும், 160 டெசிபல் 2,000 பாஸ்கலுக்கும் சமம். அழுத்தம் இருமடங்கானால் எண் 6 டெசிபல் மட்டுமே கூடும். குழல்வாயிலிருந்து கிளம்பும் வெடியலை சில மைக்ரோவினாடிகளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு மில்லிவினாடி முடிவதற்குள்ளாகவே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அமெரிக்க ராணுவத் தரநிலையான மில்-எஸ்டிடி-1474டி வழியாகப் பரவிய ஏற்பாட்டையே பலரும் பின்பற்றுகின்றனர்: குழல்வாயும் மைக்ரோஃபோனும் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், மைக்ரோஃபோன் குழல்வாய்க்கு இடப்புறம் சுடும் திசைக்குச் செங்குத்தாக 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், கருவியின் எழுநேரம், அதாவது அழுத்தத்தின் திடீர் உயர்வைப் பின்தொடர அது எடுக்கும் நேரம், 20 மைக்ரோவினாடிக்கு மிகக் கூடாது. கீழே வரும் சோதனைகள் அனைத்துக்கும் அலைவடிவப் பதிவு, அதாவது அழுத்தம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு, தேவை. எண்ணை மட்டும் காட்டிவிட்டு அலைவடிவத்தைச் சேமிக்காத கருவியை வைத்துக்கொண்டு பிழை தேடுவது, நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும். அளவெடுக்கும் எல்லோரும், சுடுபவர் உட்பட, காதுக் காப்பு அணிந்திருக்க வேண்டும் என்பதும் இந்த அடிப்படைகளில் அடங்கும்.

அறிகுறி: வெறுங்குழல் வேட்டுகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுகின்றன

ஐந்து வேட்டுகளும் 168.0, 167.9, 168.0 என்று ஒன்றையொன்று ஒட்டியபடி வந்தால் அளவெடுப்பவர் துல்லியம் கூடிவிட்டதாக மகிழ்கிறார். உண்மையான வேட்டுகள் அப்படி வருவதில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்களிலும் சிறு ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி கூர்மையாக இல்லாமல் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால், மின்சுற்று தன் எல்லையை முட்டிவிட்டது என்று பொருள்.

எந்த இடத்தில் முட்டியது என்பதைக் கணக்கால் கண்டுபிடிக்கலாம். மைக்ரோஃபோன் ஒரு பாஸ்கலுக்கு 1 மில்லிவோல்ட் தருவதாகவும், அதன் மின்குறியை முதலில் வாங்கிப் பதிவுக் கருவிக்கு அனுப்பும் முன்பெருக்கி 5 வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாததாகவும் வைத்துக்கொண்டால், 5,000 பாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தம் எதுவாக இருந்தாலும் 168 டெசிபல் என்றே பதிவாகும். அதே சுற்றில், பொது ஒலியளவைக்கென வாங்கிய, பாஸ்கலுக்கு 50 மில்லிவோல்ட் தரும் அரை அங்குல மைக்ரோஃபோனை மாட்டினால் எல்லை வெறும் 100 பாஸ்கல், அதாவது 134 டெசிபல். அத்தகைய மைக்ரோஃபோனால் அளந்த ஒருவருக்கு வெறுங்குழலும் 134, ஒலியடக்கியோடும் 133 என்று வரக்கூடும். அவர் ஒலியடக்கியைக் குறை சொல்வார். ஒலியடக்கி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

தீர்வு, உணர்திறன் குறைந்த கால் அங்குல அல்லது அதனினும் சிறிய மைக்ரோஃபோனுக்கு மாறுவது, அல்லது உயர்ந்த மின்னழுத்தத்தில் இயங்கும் முன்பெருக்கியைப் பயன்படுத்துவது. பதிவுக் கருவியின் உள்ளீட்டுப் பெருக்கத்தை மட்டும் குறைத்தால் போதாது. அலை அதற்கு முன்னரே வெட்டுப்பட்டிருந்தால், வெட்டுப்பட்ட அலைதான் சிறியதாகத் தெரியும். மாற்றிய பிறகு மைக்ரோஃபோனை 2 மீட்டருக்கு நகர்த்தி இன்னொரு வரிசை எடுங்கள். தடையற்ற வெளியில் எண் ஏறத்தாழ 6 டெசிபல் இறங்க வேண்டும். அசையாமல் அதே இடத்தில் நின்றால் இன்னும் எங்கோ முட்டிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: எல்லா எண்களும் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்வாக இருக்கின்றன

இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. கைபேசியின் மைக்ரோஃபோன் 120 முதல் 130 டெசிபலுக்குள் திணறிவிடும், எனவே கைபேசிச் செயலியின் எண்ணை உடனே ஒதுக்கிவிடலாம். முறையான ஒலிமட்டமானியாக இருந்தால் அது எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். ‘ஃபாஸ்ட்’ என்ற நிலையின் கால மாறிலி, அதாவது ஒலியைச் சராசரியாக்கும் கால அளவு, 125 மில்லிவினாடி. ஒரு மில்லிவினாடி மட்டுமே நீடிக்கும் சீரான ஒலியைக்கூட அது சுமார் 21 டெசிபல் குறைத்தே காட்டும். ‘ஸ்லோ’ நிலையோ ஒரு முழு வினாடிக்குச் சராசரியாக்குகிறது. ‘இம்பல்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து வேட்டுக்கு ஏற்றது என்று மயங்குவோரும் உண்டு, ஆனால் அதன் 35 மில்லிவினாடியும் இந்த வேலைக்கு மிக நீண்ட காலம்தான். வேண்டியது ‘பீக்’ நிலை மட்டுமே.

அறிகுறி: ஒலியடக்கி பொருத்திய முதல் வேட்டு மட்டும் தனித்து உயர்ந்து நிற்கிறது

இது பெரும்பாலும் பிழையே அல்ல. சுடுமுன் ஒலியடக்கியின் அறைகளில் வழக்கமான காற்று நிரம்பியிருக்கிறது. முழுதும் எரியாத வெடிமருந்து வாயுக்கள் அந்தக் காற்றின் ஆக்சிஜனைச் சந்தித்ததும் உள்ளேயே மீண்டும் பற்றிக்கொள்கின்றன. இரண்டாம் வேட்டின்போது அறைகளில் எரிந்த வாயுவே நிறைந்திருப்பதால் அந்த எரிதல் நிகழ்வதில்லை, நிகழ்ந்தாலும் வலுவற்றது. எனவே முதல் வேட்டு சில டெசிபல் உயர்வது இயல்பு. ஒலியடக்கி ஒலியடக்கியாக இந்த உயர்வு வேறுபடும்.

பிழை தொடங்குவது இதைக் கையாளும் விதத்தில்தான். முதல் வேட்டை ‘தவறிய அளவு’ என்று நீக்கிவிடுவது ஒரு தவறு. அதைச் சொல்லாமல் மற்றவற்றோடு கலந்துவிடுவது இன்னொரு தவறு. ஒரு தோட்டா மட்டும் சுடும் வேட்டைக்காரருக்கு முதல் வேட்டுதான் முழு அனுபவம், ஆகவே அதைத் தனியாக எழுதுவதே நேர்மை. அறிகுறி உண்மையில் இதனால்தான் ஏற்பட்டதா என்று உறுதி செய்ய, வரிசையை நிறுத்தி, ஆயுதத்தைப் பாதுகாப்பான நிலையில் திறந்து வைத்து, ஒலியடக்கிக்குள் காற்று முழுதும் மாறும்வரை காத்திருந்து மீண்டும் சுடுங்கள். உயர்வு திரும்பி வந்தால் காரணம் உள்ளே இருந்த காற்று. வராவிட்டால், முதல் வேட்டில் மட்டும் ஏதோ ஒரு பதிவு அமைப்பு வேறாக இருந்தது என்று தேடத் தொடங்க வேண்டும்.

அறிகுறி: எந்த ஒழுங்கும் இல்லாமல் வேட்டுக்கு வேட்டு எண் தாவுகிறது

முதலில் பதிவின் மாதிரி வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை புள்ளிகளில் அழுத்தம் பதிவாகிறது என்பதை, பாருங்கள். இசைப்பதிவுக்கான கருவி 48 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் இரு புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 21 மைக்ரோவினாடி இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் உச்சம் ஏறி இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், புள்ளி உச்சியில் விழுந்ததா சரிவில் விழுந்ததா என்பது அதிர்ஷ்டத்தின் பொறுப்பு. 192 கிலோஹெர்ட்ஸில் இடைவெளி 5 மைக்ரோவினாடியாகச் சுருங்குகிறது. 2015-இல் வந்த மில்-எஸ்டிடி-1474இ பதிப்பும் இந்த வேகத்தையே குறைந்தபட்சமாக வைக்கிறது. எழுச்சி கூர்மையான வெறுங்குழல் அலையே இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறது. ஒலியடக்கி அலையின் முகத்தை மழுக்கிவிடுவதால் அந்த அலை மெதுவான கருவியிலும் ஓரளவு சரியாகப் பதிவாகும். விளைவாக வெறுங்குழல் எண் மட்டும் தாழ்ந்து, தணிப்பு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

மாதிரி வேகம் சரியாக இருந்தால் அடுத்து தூரம். 1 மீட்டர் என்று நினைத்த இடத்தில் 90 சென்டிமீட்டர் இருந்தால் எண் 0.9 டெசிபல் உயரும். சுடுபவர் கையில் பிடித்துச் சுடும்போது வேட்டுக்கு வேட்டு குழல்வாய் சில சென்டிமீட்டர் நகர்வது இயல்பானதால், ஊன்றுகோலோ தாங்கியோ வைத்துச் சுட வேண்டும். அதற்கும் பிறகு எண் தாவினால் கம்பியையும் தாங்கியையும் பாருங்கள். மைக்ரோஃபோன் தாங்கி வெடியலையால் அதிர்ந்தாலும், கம்பி உதறினாலும், அலைவடிவத்தில் முதல் உச்சத்துக்குப் பின் ஒழுங்கற்ற சிறு முட்கள் தெரியும்.

அறிகுறி: அலைவடிவத்தில் இரண்டாவது உச்சம் ஒன்று தெரிகிறது

தாமதத்தை அளந்து ஒலிவேகத்தால் பெருக்குங்கள். அந்த அலை கூடுதலாகக் கடந்த தூரம் கிடைத்துவிடும், அதை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணலாம். வழக்கமான ஏற்பாட்டில் நேரான பாதை 1 மீட்டர். தரையில் பட்டுத் திரும்பும் பாதை 3.35 மீட்டர். 20 டிகிரி செல்சியஸில் ஒலிவேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்பதால் தரை எதிரொலி 6.9 மில்லிவினாடி தாமதமாக வரும். அந்த இடத்தில் ஓர் உச்சம் தெரிவது எதிர்பார்க்க வேண்டியதே, கவலைக்குரியதன்று. 1.2 மில்லிவினாடியிலேயே ஓர் உச்சம் தெரிந்தால் கூடுதல் பாதை 41 சென்டிமீட்டர்தான். குழலுக்கு அரை மீட்டர் கீழே இருக்கும் மேசைப்பரப்பு துல்லியமாக இந்தக் கணக்கைத் தரும். மேசையை அகற்றுங்கள், அல்லது குழல்வாய் மேசை விளிம்பைத் தாண்டி வெகுவாக வெளியே நிற்கும்படி செய்யுங்கள்.

வெறுங்குழலில் நேரலையின் உச்சம் எதிரொலிக்கு முன்பே வந்து போய்விடுவதால் உச்ச எண் கெடாது. ஒலியடக்கி பொருத்தும்போது நிலைமை மாறுகிறது. வாயு மெதுவாக வெளியேறுவதால் அலை நீள்கிறது, நீண்ட அலையின் வாலின்மீது எதிரொலி ஏறி உட்கார்ந்து உச்சத்தையே தன்னுடையதாக்கிக்கொள்ளக்கூடும். கூரையும் பக்கச்சுவர்களும் உள்ள மூடிய சுடுதளத்தில் எடுத்த எண்களைத் திறந்தவெளியில் எடுத்த எண்களோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

முதல் உச்சத்துக்கு முன்னால் சிறு மேடு ஒன்று தெரிந்தால் அது எதிரொலி அல்ல. குண்டுக்கு முன்னால் குழலில் இருந்த காற்றும், குண்டைத் தாண்டிக் கசிந்த வாயுவும் முந்திக்கொண்டு வெளியேறும் முன்னோடி அலை அது. அதை விட்டுவிடலாம்.

அறிகுறி: குழல்வாயருகே தணிப்பு நன்றாக இருக்கிறது, சுடுபவரின் காதருகே இல்லை

சுடுபவரின் காது குழல்வாய்க்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறது. வெடியலை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதில்லை, முன்னோக்கி வலுவாகவும் பின்னோக்கி வலுக்குறைந்தும் செல்கிறது. ஆகவே காதருகே வெறுங்குழல் எண்ணே குழல்வாயருகேயுள்ளதைவிடத் தாழ்வானது. கழிக்கப்படும் இடத்தில் எண் சிறியதானால் தணிப்பும் சிறியதாகத்தான் வரும். பக்கவாட்டில் 30 டெசிபல் குறைத்தது காதருகேயும் 30 குறைக்கும் என்று எழுதப்பட்ட உறுதிமொழி எங்கும் இல்லை.

தானியங்கி மறுநிரப்பு ஆயுதங்களில் இரண்டாவது ஒலி வாயில் ஒன்று உண்டு. ஒலியடக்கி வாயுவின் வெளியேற்றத்தைத் தடுப்பதால் குழலுக்குள் அழுத்தம் நீண்ட நேரம் நிலைக்கிறது, குழலின் பின்புறத்தை அடைத்து நிற்கும் பூட்டு திறக்கும்போது மிச்ச வாயு வெற்றுக்கூடு வெளியேறும் துளை வழியே பீறிடுகிறது. அந்தத் துளை பெரும்பாலான ஆயுதங்களில் வலப்புறம் இருக்க, வழக்கமான மைக்ரோஃபோன் இடப்புறம் நிற்கிறது. ஆயுதத்தின் உடலே திரையாக நின்று அந்த ஒலியை மறைத்துவிடும். இதைப் பிரித்தறிய, காதிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வலப்புறமும் இடப்புறமும் ஒவ்வொரு மைக்ரோஃபோன் வையுங்கள். பின்பு அதே ஒலியடக்கியை, கையால் பூட்டை இயக்கும் ஆயுதத்தில், அதே வகைத் தோட்டாவோடும் இயன்றவரை அதே குழல் நீளத்தோடும் சோதியுங்கள். வலக்காது எண் கணிசமாக இறங்கினால் குறை ஒலியடக்கியில் அன்று, ஆயுதத்தின் வாயு ஓட்டத்தில். தானியங்கி ஆயுதத்தில் ஒலியடக்கியின் மதிப்பு என்பது இரண்டும் சேர்ந்த அமைப்பின் மதிப்பு. இதைப் பிரித்துச் சொல்லாத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அறிகுறி: முன்னால் தொலைவில் வைத்த மைக்ரோஃபோனில் எண் குறையவே இல்லை

குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் அது தன் அதிர்வலையைக் கூம்பு வடிவில் இழுத்துச் செல்கிறது. ஒலியடக்கியால் அதைத் தொட முடியாது, ஏனெனில் அது குழல்வாயில் பிறப்பதில்லை, குண்டு போகும் வழியெங்கும் பிறக்கிறது. ஒலிவேகத்தின் 2.5 மடங்கு வேகத்தில் போகும் குண்டின் அதிர்வலை, சுடும் திசையிலிருந்து ஏறத்தாழ 66 டிகிரி விலகிய திசையில் முன்னோக்கிச் செல்லும். எனவே 90 டிகிரியில் குழல்வாயருகே நிற்கும் மைக்ரோஃபோனை அது நேராக எட்டாது, முன்னால் நிற்கும் மைக்ரோஃபோனை எட்டும். அலைவடிவத்தில் அது மேலே ஒரு செங்குத்து, சாய்ந்த இறக்கம், மீண்டும் ஒரு செங்குத்து என்று சில நூறு மைக்ரோவினாடிக்குள் முடியும் வடிவமாகத் தெரியும், குழல்வாய் அலை அதற்குப் பின்னரே வரும். இரண்டையும் நேரத்தால் பிரித்துத் தனித்தனியே அளக்க வேண்டும்.

இதிலேயே ஒரு விந்தையான கிளை உண்டு. நண்பகலில் அமைதியாக இருந்த தோட்டா விடியற்காலையில் ‘சுளீர்’ என்று ஒலிக்கிறது என்பார்கள். ஒலிவேகம் வெப்பநிலையோடு மாறுகிறது: 20 டிகிரியில் 343 மீட்டர், 0 டிகிரியில் 331 மீட்டர். வினாடிக்கு 335 மீட்டரில் செல்லும் குண்டு முதல் நிலையில் ஒலிக்குப் பின்தங்கியது, இரண்டாம் நிலையில் ஒலியை முந்தியது. அளவெடுக்கும்போது குண்டின் வேகத்தையும் காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டால் இந்தப் புதிர் எழவே எழாது.

அறிகுறி: ஒரே ஒலியடக்கிக்கு இரண்டு சோதனையாளர்கள் வெவ்வேறு எண் தருகிறார்கள்

வெறுங்குழல் என்று எழுதியது உண்மையில் வெறுங்குழல்தானா என்பதுதான் முதல் கேள்வி. குழல்முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் தடுப்பி இருந்தால் அது வாயுவைப் பக்கவாட்டில், அதாவது மைக்ரோஃபோன் நிற்கும் திசையில், திருப்பிவிடுகிறது. அந்த உயர்ந்த எண்ணிலிருந்து கழித்தால் எந்த ஒலியடக்கியும் சிறப்பாகத் தோன்றும். விளம்பர எண்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்து, மைக்ரோஃபோன் எந்த முனைக்கு நேராக நின்றது என்று கேளுங்கள். ஒலியடக்கி 20 சென்டிமீட்டர் நீளமாக இருந்து, மைக்ரோஃபோன் பழைய குழல்வாய்க்கு நேராகவே விடப்பட்டிருந்தால், தூரத்தால் வரும் பிழை 0.2 டெசிபலுக்கும் குறைவுதான், ஆனால் கோணம் 90-இலிருந்து 101 டிகிரிக்குப் போய்விடுகிறது. மைக்ரோஃபோன் ஒலி வெளிவரும் முனைக்குப் பின்னால் நிற்பதால் ஒலியடக்கி செய்யாத வேலைக்கும் மதிப்பெண் பெறுகிறது. ஒலி வெளிவரும் முனை நகர்ந்தால் மைக்ரோஃபோனும் உடன் நகர வேண்டும்.

பிறகு எடையிடல், அதாவது வெவ்வேறு அதிர்வெண்களுக்கு வெவ்வேறு முக்கியத்துவம் கொடுத்து எண்ணைக் கணக்கிடும் முறை. ஏ எடை, சி எடை, எடையில்லாத இசட் என்று மூன்றும் ஒரே வேட்டுக்கு மூன்று எண்களைத் தரும். ஒருவர் ஏ-யிலும் மற்றவர் இசட்டிலும் எடுத்திருந்தால் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்திவிடலாம். மைக்ரோஃபோனின் முகம் எப்படி வைக்கப்பட்டது என்பதும் முக்கியம். அழுத்த வகை மைக்ரோஃபோனின் சவ்வை அலை உரசிக்கொண்டு செல்லும்படியும், திறந்தவெளி வகையை ஒலிமூலத்தை நோக்கியும் வைக்க வேண்டும். அளவுத்திருத்தியால், அதாவது தெரிந்த அளவில் ஒலி எழுப்பும் சாதனத்தால், சரிபார்த்தோம் என்ற பதிலில் முழு நிம்மதி அடைய வேண்டாம். வழக்கமான திருத்தி 94 அல்லது 114 டெசிபலில் ஒலிக்கிறது, அதாவது 1 அல்லது 10 பாஸ்கல். அங்கே சரியாக இருக்கும் அளவீட்டுக் கருவித் தொடர் 5,000 பாஸ்கலிலும் சரியாக இருக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

கடைசியாகச் சராசரி. 136, 130, 130, 130, 130 என்ற ஐந்து வேட்டுகளின் டெசிபல் எண்களை நேராகக் கூட்டி வகுத்தால் 131.2 வரும், ஆற்றல் வழியில் சராசரி எடுத்தால் 132.0 வரும். இரண்டும் தவறில்லை, எது என்று எழுதாததுதான் தவறு.

அறிகுறி: எண் ஒன்றைச் சொல்கிறது, காது வேறொன்றைச் சொல்கிறது

உச்ச அழுத்தம் ஒரு கணத்தின் கதை. காது அந்த ஒரு கணத்தை மட்டும் கேட்பதில்லை. உச்சம் சமமான இரண்டு வேட்டுகளில் ஒன்று நீண்டு ஒலித்தால் அது உரத்ததாகவே படும். மில்-எஸ்டிடி-1474இ உச்சத்தோடு நின்றுவிடாமல், 100 மில்லிவினாடிக்கான ஏ எடைச் சமான ஒலிமட்டத்தையும், காதின் இயக்கத்தைக் கணினி மாதிரியாக்கிக் கேள்திறன் ஆபத்தை மதிப்பிடும் முறையையும் சேர்த்தது இதனால்தான். அலைவடிவத்தைச் சேமித்திருந்தால் இவற்றையும் பின்னர் கணக்கிடலாம். காதுக் காப்புகளின் மேல் அச்சிட்டிருக்கும் தணிப்பு மதிப்பெண் முற்றிலும் வேறு சோதனையில் பிறந்தது. அதையும் ஒலியடக்கியின் தணிப்பையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

அறிகுறி: 139.6 என்று வந்துவிட்டது. 140-க்குக் கீழ் என்று எழுதலாமா

140 டெசிபல் உச்சம் என்பது காதுக்கு ஆபத்தான எல்லையாகப் பரவலாகக் கொள்ளப்படுவதால் இந்தக் கேள்வி எழுகிறது. வேட்டுகளின் திட்ட விலக்கம் 1.5 டெசிபலாகவும் எண்ணிக்கை ஐந்தாகவும் இருந்தால், சராசரியின் நிச்சயமின்மையே ஏறத்தாழ 0.7 டெசிபல். பத்து வேட்டுகளானாலும் 0.5-க்கு அருகில்தான் இறங்கும். இரண்டு ஒலியடக்கிகளை ஒப்பிடும்போது இருபுறத்து நிச்சயமின்மையும் சேர்வதால், ஐந்து வேட்டு வரிசைகளில் ஒரு டெசிபல் வேறுபாட்டை வெற்றி தோல்வியாக அறிவிக்க முடியாது. மைக்ரோஃபோனின் பிழையும் தூரத்தின் பிழையும் இதற்கு மேல் தனி. ஆகவே 139.6 என்பதை எல்லைக்குள் அடங்கியதாக எழுதாமல், வேட்டுகளின் எண்ணிக்கை, விலக்கம், மிக உயர்ந்த தனிவேட்டு ஆகியவற்றோடு ‘எல்லையில் நிற்கிறது, காதுக் காப்பு தேவை’ என்று எழுத வேண்டும். அந்த வரிசையில் முதல் வேட்டு 141 ஆக இருந்திருந்தால் அந்த எண்ணையே மேலே எழுத வேண்டும்.